இன்ஜின் ஆயிலுக்குப் பாகுநிலைத் தரமா, பாகுப்பதமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குக் கார் வைத்திருப்பவர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. டயர், பிரேக், பேட்டரி எல்லாம் முடிந்துவிட்டன, ஆயில் அத்தியாயம் மட்டும் உதைக்கிறது. மூன்று சொற்கள் வேண்டும். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறதே, அந்த விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) கிரேடுக்கு ஒன்று. இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் டிப்ஸ்டிக்குக்கு ஒன்று. ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவுக்கு ஒன்று. முதலாவதற்கு 'பாகுநிலைத் தரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பாகுநிலை பாடநூலில் உள்ள சொல்தானே. யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

பட்டறைக்காரர், கோவை:

ஆட்சேபம் இருக்குதுங்க. பாகு கீகு எதுவானாலும் சரி, 'தரம்' மட்டும் வேண்டாம். 20ஐவிட 40 உசத்தி, 40ஐவிட 50 உசத்தி என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். கையேட்டில் 0டபிள்யூ-20 என்று தெளிவாக இருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தண்ணி மாதிரி இருக்குங்க, 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்பார்கள். அந்த எண் கெட்டியைச் சொல்கிறது, நல்லது கெட்டதைச் சொல்லவில்லை. நல்லது கெட்டதற்கு டப்பாவில் தனியாக ஒரு குறி உண்டு. பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐ எஸ்என், ஏபிஐ எஸ்பி என்று வரும். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல் வந்தது. இரண்டாவது எழுத்து தள்ளிப் போகப் போகப் புதுசு. டீசலுக்கானது சி-யில் தொடங்கும். 'தரம்' என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் என் பட்டறைக்குத்தான் வேலை கூடும்.

இயற்பியல் ஆசிரியர், திருச்சி:

கோவை நண்பர் சொல்வது சரி. அந்த எண் தரம் அல்ல, ஒரு நெடுக்கம். ஆயில்களைக் கெட்டியை வைத்துப் பிரிக்கும் எஸ்ஏஇ ஜே300 என்ற வரையறையில் '30' என்றால், 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குக் (பாகுநிலையின் அலகு) குறையாமலும் 12.5ஐத் தொடாமலும் இருக்க வேண்டும். 12.5ஐத் தொட்டால் அது '40' ஆகிவிடும். முன்னால் உள்ள '5டபிள்யூ' குளிருக்கானது. மைனஸ் 30 டிகிரியில்கூட இன்ஜின் சுழல்கிற அளவுக்கு இளக்கம் இருக்க வேண்டும் என்று பொருள். டபிள்யூ என்பதை 'வெயிட்' என்று பலர் எண்ணுகிறார்கள். அது 'வின்டர்'. ஆகவே இது படிக்கட்டு மாதிரியான வகைப்பாடு. 'பாகுநிலைப்படி' என்று சொல்லலாமே?

பட்டறைக்காரர், கோவை:

ஐயா, "பாகுநிலைப்படி ஆயில் ஊற்றவும்" என்று எழுதினால் 'பாகுநிலையின்படி' என்றுதான் படிப்பார்கள். இன்னும் சிலர் அரிசி அளக்கிற படியை எடுத்துவந்துவிடுவார்கள்.

புலவர், மதுரை:

அடிப்படையை விட்டுவிட்டு மேற்கூரையைப் பேசுகிறீர்கள். எண்ணெய் என்பது எள்+நெய். மண்ணுக்கடியிலிருந்து வந்த ஒன்றை எப்படி எண்ணெய் என்பது? மண்ணெண்ணெய் என்று ஒருமுறை சறுக்கியது போதும். 'பொறிநெய்' என்போம். வழுக்கிச் செல்ல உதவுவதால் 'உயவுநெய்' என்றாலும் பொருந்தும். உய் என்னும் வேரிலிருந்து உயவு வரும். பொறி தேயாமல் உய்யச் செய்வது உயவு. அப்புறம், அந்த டபிள்யூவை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? குளிர் என்பதன் முதலெழுத்தைப் போட்டு '5கு-30' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, பாடநூல்காரர்களும் உயவுப் பொருள் என்றுதான் எழுதுகிறார்கள், அதனால் உயவு எனக்குப் புதிதில்லை. ஆனால் சங்கப் பாட்டில் உயவு என்றால் வருத்தம் அல்லவா? உயவுநோய் என்று தலைவி படுவதெல்லாம் அதுதானே. 'வருத்தநெய்' என்று யாராவது படித்துவிட்டால்?

புலவர், மதுரை:

அது உயங்குதல் வழி வந்த உயவு. இது வேறு. ஒரே வடிவத்தில் இரு சொல் இருப்பது தமிழில் புதிதா? வண்டியும் அச்சும் நமக்கு நேற்று வந்தவை அல்ல. புறநானூறு 102இல் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்றாகக் கட்டிவைத்த 'சேம அச்சு' பற்றிப் பாடுகிறார். மாற்று அச்சு வரை யோசித்தவன், அச்சில் தடவிய நெய்க்குப் பெயர் வைக்காமலா இருந்திருப்பான்?

(இதற்குப் பிறகு சேம அச்சைப் பற்றியே ஒன்பது மடல்கள். ஸ்டெப்னிக்குச் 'சேமச் சக்கரம்' என்று எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டோம். கையேட்டின் டயர் அத்தியாயம் ஏற்கெனவே அச்சகத்தில் இருக்கிறது. – இழையைத் தொகுத்தவர்)

யாழ்ப்பாணத்தவர், டொராண்டோ:

தாமதமாக வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் விஸ்காசிட்டியைப் 'பிசுக்குமை' என்றுதான் படித்தோம். பாகுநிலை என்றால் எனக்கு உடனே பிடிபடாது. இன்னொன்று, யாராவது 'மசகு எண்ணெய்' என்று எழுதப் போனால் கவனம். இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்பது உங்களுடைய கச்சா எண்ணெய். 'காரில் மசகு எண்ணெய் ஊற்றவும்' என்றால் எங்கள் ஆட்கள் கிணறு தோண்டத்தான் போவார்கள். பேச்சில் எங்களுக்கு 'எஞ்சின் ஒயில்', அவ்வளவுதான்.

டபிள்யூவைப் பற்றி ஒரு சொல். மைனஸ் 20இல் விடியும் ஊரில் இருக்கிறேன். முன் எண்ணின் பெறுமதி இங்கே சாவியைத் திருப்பும்போதே தெரியும். அதே டப்பாவைத்தான் கடையில் தேட வேண்டும். '5கு-30' என்று ஒரு டப்பாவும் உலகத்தில் இல்லை.

ஆசிரியை, ஈப்போ:

இங்கே மலாயில் 'மின்யாக் ஹித்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய். தமிழர்களும் பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள். புது ஆயில் தேன் நிறத்தில் இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சித்த மருத்துவர், நாகர்கோவில்:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தேடும் சொல் அடுப்படியில் இருக்கிறது. பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்கிறோம். இரண்டும் ஒரே வெல்லம், தரத்தில் வித்தியாசம் இல்லை. எவ்வளவு கெட்டி என்பதுதான் பதம். அதிரசத்துக்கு ஒன்று, பொரிவிளங்காய்க்கு ஒன்று. மாற்றினால் பலகாரம் கெடும். எங்கள் தைலங்களுக்கும் மெழுகுபதம், மணற்பதம் என்று உண்டு. எண்ணெயைப் பதத்தால் சொல்வது தமிழில் பழைய பழக்கம். 'பாகுப்பதம்' என்று வையுங்கள். "உங்கள் காருக்குரிய பாகுப்பதம் 0டபிள்யூ-20" என்றால் யாரும் 50 பெரிது என்று சண்டைக்கு வரமாட்டார்கள்.

பட்டறைக்காரர், கோவை:

அம்மா, இது சரியா இருக்குதுங்க. என் பையன்களுக்கே புரியும்.

புலவர், மதுரை:

பதம் வடசொல்.

சித்த மருத்துவர், நாகர்கோவில்:

அடி, சொல் என்னும் பொருளில் வரும் பதம் வேறு, ஐயா. பக்குவம் என்னும் பதம் நம்முடையது. பதனீர், பதனிடுதல் எல்லாம் எங்கிருந்து வந்தன?

புலவர், மதுரை:

அப்படியானால் 'பதன்' என்றே எழுதுங்கள். பாகுப்பதன். மகர ஈறு ஏன்?

(பதனீரில் சுண்ணாம்பு சேர்ப்பதால் பெயர் வந்ததா, பெயர் முந்தியதா என்று பதினான்கு மடல்கள். பனைவாரியத்தில் வேலை பார்த்த உறவினர் ஒருவரின் கருத்தும் வந்தது. விடுகிறேன். – தொகுத்தவர்)

இயற்பியல் ஆசிரியர், திருச்சி:

பதத்தில் எனக்கு ஒரு நெருடல். கம்பிப் பதம் என்பது விரலால் தொட்டுப் பார்க்கிற மதிப்பீடு. ஜே300 கருவியால் அளந்த நெடுக்கம். தவிர, ஒரே ஆயிலுக்குக் குளிரில் ஒரு பதம், சூட்டில் ஒரு பதம். மல்டிகிரேடுக்கு என்ன சொல்வீர்கள்? 'இருபத எண்ணெய்' என்றால் 20ஆம் எண் ஆயில் என்று படிப்பார்கள். '0டபிள்யூ-20 இருபத எண்ணெய்' என்று ஒரு வரியை நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

படித்துப் பார்த்தேன், வேண்டாம். இப்போது விற்பதெல்லாம் பெரும்பாலும் மல்டிகிரேடுதான் என்பதால் அந்தச் சொல்லே இல்லாமல் எழுதிவிடலாம். நண்பர்களே, இன்று சனிக்கிழமை. மற்ற இரண்டு சொற்களுக்கு வருவோமா?

பட்டறைக்காரர், கோவை:

டிப்ஸ்டிக்குக்கு 'ஆயில் கம்பி'. அது கோல் இல்லீங்க, தகடு மாதிரிக் கம்பி. தோய்கோல், ஆழக்கோல் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

(யாரும் ஆரம்பிக்கவில்லை. எல்லாருக்கும் களைப்பு. – தொகுத்தவர்)

பட்டறைக்காரர், கோவை:

அளவுதான் முக்கியம். 'கொள்ளளவு' என்று போட்டுவிடாதீர்கள். உதாரணத்துக்கு 1.8 லிட்டர் பெட்ரோல் கொரோலா ஆல்டிஸ். ஃபில்டரும் சேர்த்து மாற்றினால் 4.2 லிட்டர், ஃபில்டரை மாற்றாவிட்டால் 3.9. இன்ஜினை முழுக்கப் பிரித்து மாட்டினால் இதைவிட அதிகம் குடிக்கும். ஏனென்றால் சாதாரணமாக ஆயிலை இறக்கும்போது பழையது கொஞ்சம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் முழுக்க வராது. கொள்ளளவு என்று பார்த்து ஊற்றினால் கூடிப்போகும். கூடினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரை பம்ப்பில் ஏறினால் பிரஷர் விழும், சீல் கசியும். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

புலவர், மதுரை:

வள்ளுவர் 475ஆம் குறளில் சொன்னதுதான். மயிற்பீலியே ஆனாலும் சால மிகுத்துப் பெய்தால் அச்சு முறியும். அங்கே 'பெயின்' என்று இருக்கிறது. ஆகவே 'பெய்யளவு'.

யாழ்ப்பாணத்தவர், டொராண்டோ:

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். எங்கள் பேச்சில் பெய்தல் என்றால் மழைக்கு அடுத்து வருவது சிறுநீர். வகுப்பில் சொல்லிவிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

'நிரப்பளவு' என்று வைக்கிறேன். அச்சுக்குப் போகும் பத்தி இது:

"உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள பாகுப்பதத்தையே (கிரேடு) வாங்கவும், டப்பாவின் மேல் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பதுபோல் இருக்கும். பெரிய எண் கெட்டியானது, உயர்ந்தது அல்ல. ஏபிஐ தரக்குறியையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். நிரப்பளவில் சிறிது குறைத்து ஊற்றி, இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும். சமதளத்தில் சில நிமிடம் கழித்து ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்து, முழுவதும் செருகி மீண்டும் எடுக்கவும். மேல் குறியைத் தாண்டாமல் அதை ஒட்டி நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கவும்."

பாகுப்பதத்துக்கு ஏழு பேர் சரி என்றார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். மற்றவர்கள் பதனீரைப் பற்றித்தான் எழுதினார்கள்.

புலவர், மதுரை:

அடைப்புக்குறிக்குள் 'கிரேடு' புகுந்ததற்கு என் மறுப்பைப் பதிவு செய்க. பதம் மகரத்தில் முடிவதற்கும் சேர்த்து.

பட்டறைக்காரர், கோவை:

அடைப்புக்குறியை எடுத்துவிடாதீங்க. கடைக்காரர் அதை மட்டும்தான் படிப்பார்.

இயற்பியல் ஆசிரியர், திருச்சி:

கையேட்டுக்குச் சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் என் மாணவன் விடைத்தாளில் பாகுப்பதம் என்று எழுதினால், 9.3 முதல் 12.5 வரை என்ற நெடுக்கத்தையும் சேர்த்து எழுதியிருந்தால்தான் மதிப்பெண்.