மறுமொழி: உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தச்சுமேசைக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். வேலைக்கேற்ப உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தச்சுமேசைக்கு (adjustable-height workbench) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, வந்த யோசனைகளையும் சேர்த்து என் பதில்.

> "உயரம் சரிசெய்யக்கூடிய பணிமேசை" என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் பட்டறையில் போய் "மேசையைச் சரிசெய்யணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆசாரி முதலில் மேசைக்காலை ஆட்டிப் பார்ப்பார், எங்கே உடைந்திருக்கிறது என்று. சரிசெய்தல் நமக்குப் பழுதுபார்ப்பது. அதோடு இது விளக்கமாக நிற்கிறதே தவிர, வேலைக்கு நடுவே வாயில் வருகிற பெயராக இல்லை.

சொல்லுக்குப் போகும் முன், இந்த மேசை எதற்கு என்று இந்த உரையாடல் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். "முதுகு வலிக்காது" என்று ஒரே வரியில் பதிலும் வந்தது. விஷயம் அதைவிடப் பெரியது. மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியைத் தள்ளுகிறவருக்கு மேசை தாழ்வாக இருக்கவேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்கினால் அது படுகிற உயரம் என்பது பழைய கணக்கு. ஐந்தரை அடி ஆளுக்கு ஏறக்குறைய 30 முதல் 32 அங்குலம். அந்த உயரத்தில் தள்ளும் வேலையைக் காலும் இடுப்பும் எடுத்துக்கொள்ளும், கை வெறுமனே வழிகாட்டும். மேசை இன்னும் அரையடி ஏறிவிட்டால் உடம்பின் எடை உதவிக்கு வராது, தோள்பட்டை மட்டும் மாரடிக்கும்.

அதே ஆள் புறாவால் இணைப்புக்கு (பலகை முனைகளைப் புறா வால் வடிவில் வெட்டிக் கோப்பது, dovetail) ரம்பம் போடும்போது கதை தலைகீழ். கோட்டைப் பார்க்கவேண்டும், முன்கை படுக்கையாகப் போய்வரவேண்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழே, 38 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிமிர்ந்து நின்றே அறுக்கலாம். 32 அங்குல மேசையில் கூன் போட்டால்தான் கோடு தெரியும். அப்புறம் கூட்டிப் பொருத்துகிற கட்டம். மூன்றடி உயர அலமாரியை அந்த 32 அங்குல மேசை மேல் நிறுத்தினால் அதன் உச்சி 68 அங்குலத்தில், நம் ஆளின் தலைக்கு மேலே. பசை காய்வதற்குள் மேலே இடுக்கி (கிளாம்ப்) போட முக்காலி தேட வேண்டியதுதான். முழங்கால் உயரத்துக்கு மேசையை இறக்க முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர்த் தச்சர் தரையில் குந்தி, கட்டையைப் பாதத்தால் அமுக்கிக்கொண்டு இழைத்தார். வேலைக்கேற்பக் குந்தினார், மண்டியிட்டார், எழுந்து நின்றார். மேசை இல்லாததால் உடம்பே ஏறி இறங்கியது. ரோமானியரும் முழங்கால் உயரப் பலகையின் மேல் உட்கார்ந்து வேலை செய்தவர்கள்தான்; ஜெர்மனியின் சால்பர்க் கோட்டைக் கிணற்றில் அப்படிப்பட்ட பலகை கிடைத்திருக்கிறது. நின்று வேலை செய்ய உயர மேசை வந்தபிறகுதான் எந்த உயரம் என்ற கேள்வியே வருகிறது.

சரி, இனி சொற்கள்.

> ஏற்றிறக்கு மேசை?

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் ஏற்றுகூலி, இறக்குகூலி என்று லாரிக் கொட்டகையில் புழங்கும் சொல் இது. மூட்டை வைக்கும் மேசை என்று நினைத்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. "ஏற்ற இறக்க மேசை" இன்னும் மோசம். பலகை மேடுபள்ளமாக இருப்பதுபோல் கேட்கிறது. தச்சனிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவான்.

> உயர்தாழ் மேசை?

உயர்வு தாழ்வு என்றதும் நம் மனம் போகும் இடம் வேறு. வேண்டாம்.

> யாழ்ப்பாணத்தில் பெஞ்சை வாங்கு என்போம். ஏற்றிறக்க வாங்கு?

அழகான சொல். தமிழ்நாட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு "எங்கே வாங்குவது?" என்பார். இலங்கை வழக்காக அகராதியில் சேர்க்கலாம், பொதுச்சொல்லாக நிற்காது.

என் முன்மொழிவு: மாறுயரத் தச்சுமேசை. மாறுவேடம், மாறுகண் என்று பேச்சில் இருக்கிறது. மாறுதிசை மின்னோட்டம் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. மாறு + உயரம், வினைத்தொகை. மாறிய, மாறுகிற, மாறும் உயரம் மூன்றையும் அடக்கும். ஒருமுறை உயரம் வைத்துவிட்டு மறந்துபோகிற மேசை அல்ல, வேலைக்கு வேலை மாறுவது என்ற குறிப்பும் இதில் வந்துவிடுகிறது. மருத்துவமனைக் கட்டிலுக்கு மாறுயரக் கட்டில், அலுவலகத்துக்கு மாறுயர மேசை என்று நீட்டிக்கொள்ளலாம். வாயில் கொஞ்சம் 'துயரம்' மாதிரி ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மேசையின் விலையைக் கேட்டவருக்கு அது பொருத்தமாகக்கூடப் படலாம்.

'தச்சு' என்ற முன்னொட்டைக் கழற்ற வேண்டாம் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். கணினி வைக்கும் அலுவலக மேசையின் மின்விசைக் கால்கள் எடையைத் தூக்கும். பக்கவாட்டுத் தள்ளலுக்கு ஆடும். இழைப்புளி தள்ளுவது முழுக்கப் பக்கவாட்டுத் தள்ளல். ஆகவே தச்சுமேசையில் உயரம் மாற்றியதும் கால்கள் இறுகப் பூட்டிக்கொள்ளவேண்டும்: பல்வரிசையில் மாட்டி நிற்கும் கால், திருகு ஜாக்கி, கத்தரிபோல் விரிந்து மடங்கும் ஹைட்ராலிக் கால் எதுவானாலும் சரி. இரண்டும் ஒரே பெயரில் புழங்கினால் யாராவது அலுவலக மேசைக் காலை வாங்கி இழைக்கப் பார்ப்பார்கள்.

உறுப்புகளுக்கு: உயர்த்தும் திருகுக்கு ஏற்றுதிருகு, பூட்டுவதற்குக் காற்பூட்டு. இந்த இரண்டிலும் தகராறு வராது என்று நினைக்கிறேன்.

மேசைத் துளையில் செருகி மரத்தை நிறுத்துகிற 'பெஞ்ச் டாக்' இன்னும் பாக்கி. நான் 'தடைமுளை' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு இருந்தால் அனுப்புங்கள். தயவுசெய்து 'மேசை நாய்' மட்டும் வேண்டாம்.