மறு: பைல்அப்புக்கு என்ன தமிழ்? அலைமோதலா, மொய்ப்பா?

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கட அமெச்சூர் ரேடியோக் கையேட்டில பைல்அப்புக்கு, அதாவது ஒரு நிலையத்தைக் கனபேர் ஒரே நேரம் கூப்பிடுறதுக்கு, என்ன தமிழ் வைக்கிறதெண்டு வந்த மெயில் எல்லாத்தையும் ஒண்டா இருந்து வாசிச்சன். மாஸ்ரர் தந்த "அலைமோதல்" கனபேருக்குப் பிடிச்சிருக்கு, பிடிக்கும்தானே, நல்லூர்த் தேருக்குச் சனம் அலைமோதுது எண்டு சின்னனில இருந்து சொல்லுற சொல்லு, அதுக்குள்ளயே அலையும் கிடக்கு. ஆனா கையேடு ஒருக்கா அச்சுக்குப் போனா பிறகு பெடியள் அதைத்தான் படிப்பினம், அதால அதுக்கு முதல் "மொய்ப்பு" எண்ட சொல்லுக்காக முழுசாக் கதைச்சுப்போட்டு விடுறன். நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

புதுசாச் சேந்த ஆக்களும் லிஸ்டில நிக்கிறபடியா முதல் என்ன நடக்கிறதெண்டு சொல்லுறன். ஒக்ரோபர் கடைசி முழு வார இறுதியில சிகியூ வேர்ல்ட் வைட் கொன்ரெஸ்ட் எண்ட வானலைப் போட்டி, குரலில கதைக்கிற பிரிவு. யுரிசி (உலகப் பொது நேரம்) சனி 0000 மணிக்குத் துவங்கி 48 மணித்தியாலம், எங்களுக்கு விடிய 5.30க்குத் துவங்கும். ஐப்பசி மழை வேற, 80 மீற்றர் அலைவரிசையில இடிச்சத்தம் காதைக் கிழிக்கும், மின்னல் கிட்ட வந்தா அன்ரெனா வயரையும் கழட்டிப்போட்டு இருக்கவேணும். சரி, மத்தியானம் திரும்பி 15 மீற்றர் ஐரோப்பாப் பக்கம் திறந்திருக்கு எண்டு வையுங்கோ. எங்கட ஆள் ஒருத்தர் சிகியூ கொன்ரெஸ்ட், அதாவது போட்டிக்கு ஆரும் வாங்கோ, எண்டு கூப்பிடுறார், ஒண்டு ரெண்டு பேர் வருவினம் போவினம். பிறகு ஆரோ ஒருத்தர் கிளஸ்ரரில, ஆர் எங்க நிக்கினம் எண்டு போடுற இணையப் பட்டியலில, 4எஸ்7 (இலங்கை) இந்த மீடிறனில (அதிர்வெண்ணில) நிக்குது எண்டு போட்டு விடுவார். அவ்வளவுதான். அடுத்த முறை "கியூஆர்இசற்" (ஆர் கூப்பிடுறது) எண்டு சொல்லிப்போட்டு பட்டனை விட்டா ஹெட்போனுக்குள்ள ஒரு சுவர் மாதிரி இரைச்சல், உச்சத்தில மெல்லிய இத்தாலிக் குரல் ஒண்டு, அடியில தடிச்ச ஜேர்மன் குரல், நடுவில ஆர் எவர் எண்டு பிரிக்கேலாத ஒரு கூட்டம், எல்லாரும் தங்கட கோல்சைனை (நிலையத்தின்ர அடையாள எழுத்தை) ஒரே மூச்சில சொல்லி முடிச்சுப்போட்டு டக்கெண்டு நிப்பாட்டுவினம். ஒரு செக்கன் வெறுமை. அந்த வெறுமைக்குள்ள எங்கட ஆள் தான் பிடிச்ச ரெண்டு எழுத்தைத் திருப்பிச் சொல்லவேணும், "லீமா சூலு" எண்டு மட்டும், அதாவது எல், இசற். அந்த எழுத்து உள்ள ஆள் மட்டும்தான் பதில் சொல்லவேணும், மற்ற ஆக்கள் வாயை மூடவேணும். 59 22 எண்டு குடுத்து, அவரின்ர வலயத்தை எழுதி, அடுத்தது. 59 எண்டது சைகைத் தரம், இந்த 22 போட்டிக்காக உலகத்தைப் பிரிச்சதில எங்கட வலயம், இந்தியாவும் மாலைதீவும் எங்களோட அதுக்குள்ளதான் நிக்குது.

ஏன் இப்பிடி வருகினம் எண்டா அவைக்கு நாங்கள் வேற கண்டம், ஒரு தொடர்புக்கு 3 புள்ளி. அதோட 4எஸ் எண்ட நாடும் 22 எண்ட வலயமும் ஒவ்வொரு அலைவரிசையிலயும் புதுசாப் பெருக்கியில சேரும், மொத்தப் புள்ளியை அதாலதான் பெருக்கிறது. ஜேர்மன்காரனுக்குப் பக்கத்துப் பிரான்ஸ்காரனைப் பிடிச்சா 1 புள்ளிதான். அப்ப எங்களை விடுவானே. (பெருக்கிக்குச் சொல்லுத் தேடத் தேவையில்லை, பள்ளிக்கூடச் சொல்லே காணும்.)

இதிலதான் என்ர முதல் நியாயம் இருக்கு. ஐரோப்பாவில இருக்கிற ஒருத்தனுக்குப் பைல்அப் எண்டது முன்னால நிக்கிற தடை, அதை உடைச்சுக்கொண்டு போகவேணும். எங்களுக்கு அது வேற. நாங்கள் வைச்சிருக்கிற சின்ன வயர் அன்ரெனாவுக்கும் 100 வாற்றுக்கும் இவ்வளவு பேர் தேடி வருகினம் எண்டா அது எங்கட இடத்தின்ர பெறுமதி. யாழ்ப்பாணத்தில எழுதிற கையேட்டில சொல்லு அந்தக் கதிரையில இருந்து பாத்து வரவேணும். பழுத்த பிலாப்பழத்தை வெட்டி வைச்சா ஈ என்ன செய்யும், அதுதான் நடக்குது.

இனி மற்றச் சொல்லுகள்.

"குவியல்", "நெரிசல்" ரெண்டும் வந்தது. கொன்ரெஸ்ட்டை மட்டும் பாத்தா பொருந்தும், ஏனெண்டா அங்க எல்லாரும் ஒரே மீடிறனில வந்து விழுவினம். ஆனா டிஎக்ஸ்பெடிசன், அரிய இடத்துக்குப் போய் அங்க இருந்து கதைக்கிறது, வேற மாதிரி. தீவில நிக்கிற ஆள் 14.195 மெகாஹேர்ட்ஸில கதைச்சு, "அஞ்சில இருந்து பத்து மேல" எண்டு சொல்லிப்போட்டு 14.200க்கும் 14.205க்கும் இடையில கேப்பார். கூப்பிடுற ஆக்கள் அந்த 5 கிலோஹேர்ட்ஸ் முழுக்கப் பரந்து நிப்பினம், ஒவ்வொருத்தரும் தங்களுக்கு ஒரு இடுக்குத் தேடி. அது குவியலும் இல்லை நெரிசலும் இல்லை, பரப்பி விட்டாலும் அது பைல்அப்தான். மொய்க்கிறது எண்டா ரெண்டுக்கும் சரிவரும், ஒரு இடத்தில அப்பிக்கொண்டும் மொய்க்கலாம் சுத்திச் சுத்தியும் மொய்க்கலாம்.

> தங்கச்சி எழுதினது: எஃப்ரி8 எண்ட கணினி முறையில சத்தமே இல்லையே, திரையில வரிசையா எழுத்துத்தானே வருது, அதையும் மொய்ப்பு எண்டலாமோ?

எண்டலாம் தங்கச்சி. ஒவ்வொரு 15 செக்கனுக்கும் திரையில உங்கட கோல்சைனோட சிவப்பு வரி வரியா வந்து நிரம்புதே, காதுக்குப் பதிலா கண்ணில மொய்க்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப அலைமோதல். மாஸ்ரர், உங்களுக்கு நான் பௌதிகம் சொல்லக் கூடாது, நீங்கள் படிப்பிச்ச ஆள், ஆனா இதை ஒருக்கா யோசியுங்கோ. எஸ்எஸ்பி எண்ட குரல் முறையிலயும் மோர்ஸிலயும் கன சைகை ஒண்டாச் சேர்ந்து வரேக்க அதுகள் கூட்டுப்படுதே ஒழிய ஒண்டை ஒண்டு அழிக்கிறதில்லை. எல்லாம் உள்ளதான் நிக்குது. சுருதி வித்தியாசத்தை வைச்சு, வந்து சேர்ந்த கணத்தை வைச்சு, குரலின்ர தடிப்பை வைச்சு காது ஒண்டை இழுத்து எடுக்கும். அதாலதான் பைல்அப்புக்குள்ள இருந்து ஆக்களை ஒவ்வொண்டாப் பிடிக்கலாமா இருக்கு, ஒரு நல்ல ஆள் மணித்தியாலத்துக்கு நூறுக்கு மேல எழுதிக்கொண்டு போறதும் அதாலதான். மோதல் எண்ட சொல்லைக் கேட்ட பெடியன் "ஓ, மோதி உடைஞ்சு போகும், காத்திருப்பம்" எண்டு நினைச்சிடுவான். உண்மையான மோதல் எங்க நடக்குது தெரியுமே, ரெண்டு மீற்றர் எஃப்எம் ரிப்பீற்றரில, சைகையை வாங்கித் திருப்பி அனுப்பிற நிலையத்தில. ரெண்டு பேர் ஒரே நேரம் பட்டனை அமத்தினா, சைகை கூடின ஆள் மற்றவரை முழுசா மூடிப்போடுவார், ரெண்டும் சமனா இருந்தா கீச்செண்டு ஒரு சத்தம் மட்டும், ஒருத்தரையும் விளங்காது. அதுக்குச் சொல்லு எங்களிட்ட இல்லை. அலைமோதலை அதுக்கு வைப்பம். வடிவான சொல்லு, வீணாக்காம அதுக்குரிய இடத்தில வைக்கவேணும் எண்டுதான் கேக்கிறன்.

பிறகு வினை. எனக்கு இதுதான் பெரிய விசயம். கலைச்சொல்லு பெயரா மட்டும் நிண்டா அது அகராதிக்குள்ளயே கிடக்கும். மொய்ப்பை எடுத்துப் பாருங்கோ: ஐரோப்பா மொய்க்கத் துவங்கீட்டுது. மொய்ப்புக்குள்ள கூப்பிடாத, விளிம்பில நிண்டு கூப்பிடு. யப்பான்காரர் மொய்ச்சுக்கொண்டு நிக்கினம், அவையை முடிச்சுப்போட்டு மேற்க திரும்புவம். மொய்ப்பு கலைஞ்சு போச்சு, அலைவரிசையை மாத்துவம். ஒண்டும் செயற்கையாக் கேக்கேல்லை.

அந்தக் கலையிறது எண்டதிலயும் ஒரு விசயம் இருக்கு. 2004 டிசம்பரில பாரதி பிரசாத் அம்மாவின்ர குழு போர்ட் பிளேயரில இருந்து அந்தமானை வானலைக்குக் கொண்டு வந்தவை, கனகாலமா ஒருத்தருக்கும் கிடைக்காத இடம், உலகமே மொய்ச்சுது. 26ஆம் திகதி கடல் வந்தது. இஞ்ச வடமராட்சி கிழக்கும் அடிபட்ட அதே நாள். அந்தக் குழு தொடர்பு சேர்க்கிறதை விட்டுப்போட்டு அதே ரேடியோவில அவசரச் செய்தி அனுப்பத் துவங்கீட்டுது. அப்பிடி ஒரு நேரத்தில ஒரு மொய்ப்பு உடன கலையவேணும், கலைஞ்சு மீடிறனை விட்டுக்குடுக்கவேணும். எங்கட கையேட்டில மொய்ப்பு எண்ட தலைப்புக்குக் கீழ இந்த ஒழுக்கம் முதல் வரியா வரவேணும் எண்டது என்ர வேண்டுகோள்.

கனடா அண்ணைக்கு: பைல்அப் எண்டே விடுவம், உலகம் முழுக்க அதுதானே எண்டு எழுதியிருந்தனீங்கள். வானலையில பைல்அப் எண்டுதான் சொல்லுவம், வாழ்த்துச் சொல்லுற 73யும் தொடர்பை உறுதிப்படுத்திற கியூஎஸ்எல்லும் மாதிரி, அதில மாற்றமில்லை. ஆனா ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் முதல் கேக்கவேணும் பிறகு கூப்பிடவேணும் எண்டு விளக்கேக்க தமிழில யோசிக்கிற சொல்லு வேணும். சிற்றலை எண்டு ஆரோ ஒருக்கா வைச்சுத்தானே எங்கட வீட்டுச் சனம் எல்லாம் அதைச் சொல்லிச்சுது. தொண்ணூறுகளில கரண்ட் இல்லாம சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி அந்தச் சிற்றலையில செய்தி கேட்ட ஊர் இது. இரைச்சலுக்குள்ள இருந்து ஒரு குரலை எடுக்கிற காது எங்கட ஆக்களிட்ட நிறைய இருக்கு, மொய்ப்பை நடத்த வேண்டியதும் அந்தக் காதுதான்.

73

*

> மேல உள்ளதுக்கு மாஸ்ரரின்ர மறுமொழி

தம்பி, வாசித்தேன். எஃப்எம் பற்றிய உமது வாதம் சரி. நான் அலைமோதல் என்று சொன்னபோது கூட்டத்தைத்தான் நினைத்தேன், ஆனால் மாணவன் சொல்லுக்குள் பௌதிகத்தைத் தேடுவான், தேடவும் வேண்டும். ஏற்கெனவே "தலையீடு" என்று ஒரு சொல்லை ஒளியியலில் படித்துவிட்டு வருகிறவன் இதையும் அதையும் குழப்பிக்கொள்வான். ஆகவே அலைமோதலை எஃப்எம்முக்கு விட்டுத்தருகிறேன்.

மொய்ப்பில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ஈ மொய்த்தல் என்றால் அழுகின பண்டம் என்ற நினைப்பும் கூட வரும், கூப்பிடுகிறவர்களுக்கும் மரியாதை வேண்டும். அதற்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்: பூவில் வண்டு மொய்க்கிறது என்றுதான் பழைய பாட்டெல்லாம் சொல்கிறது, சொல்லில் குறையில்லை. ஈயை மட்டும் கையேட்டில் எழுதாதேயும். இரண்டாவது, தமிழ்நாட்டு நண்பர்கள் மொய் என்றால் கலியாணவீட்டில் எழுதுகிற காசு என்று எடுப்பார்கள். எங்களுக்கு மீடிறன், அவர்களுக்கு அதிர்வெண் என்று ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறோம், இதிலாவது இரண்டு கரைக்கும் பொதுவாய் ஒன்று இருந்தால் நல்லது. ஆகவே முதல் தரம் வரும் இடத்தில் "அழைப்பு மொய்ப்பு" என்று முழுதாய்ப் போட்டு, பிறகு மொய்ப்பு என்று மட்டும் எழுதும். "அழைப்பு" முன்னால் நின்றால் காசை ஒருவரும் நினையார்.

*

மாஸ்ரர், பெரிய சந்தோசம். அழைப்பு மொய்ப்பு எண்டே போடுறன், உங்கட காரணம் ரெண்டும் சரி. பதிவை இப்பிடி எழுதியிருக்கிறன், பிழை இருந்தாத் திருத்துங்கோ:

அழைப்பு மொய்ப்பு: ஒரு நிலையத்தைப் பல நிலையங்கள் ஒரே வேளையில் அழைத்தல், ஒரே மீடிறனிலோ, அடுத்தடுத்த மீடிறன்களில் பரந்தோ நிகழும். சுருக்கமாக, மொய்ப்பு. வினை: மொய்த்தல், மொய்ப்புக் கலைதல், மொய்ப்பை நடத்துதல். அவசரச் செய்தி வந்தால் மொய்ப்பு உடனே கலைய வேண்டும்.

அலைமோதல்: எஃப்எம் முறையில் இரு நிலையங்கள் ஒரே மீடிறனில் ஒருங்கே ஒலிபரப்புவதால் ஒன்று மற்றதை மூடுதல், அல்லது இரண்டும் விளங்காது போதல்.

இனி ஸ்பிளிற் கிடக்கு. ஒரு இடத்தில கதைச்சு வேற இடத்தில கேக்கிறது. "பிரிப்பு" எண்டு ஒராள் தந்தவர், எதைப் பிரிக்கிறதெண்டு அதில விளங்கேல்லை. ரோட்டில விலத்திப் போறது எண்டு சொல்லுறம், அதை வைச்சு "விலத்திக் கேட்டல்" எண்டு எழுதினா? "அஞ்சு விலத்திக் கேக்கிறன்" எண்டு வாயில நல்லா வருது. கொன்ரெஸ்ட்டுக்கு முதல் அந்தப் பக்கத்தை முடிக்கவேணும், ஞாயிறுக்குள்ள எல்லாரும் எழுதுங்கோ. கனடா அண்ணை, உங்கட பக்கத்து ஆக்களிட்டயும் கேட்டுச் சொல்லுங்கோ.

73