மறு: ஹாம்பர்கர் மெனுவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். செயலியின் மூலையில் மூன்று கிடைக்கோடுகளாக நின்று, அழுத்தினால் பட்டியை (மெனுவை) விரிக்கும் பொத்தானைத்தான் ஹாம்பர்கர் மெனு என்கிறார்கள். அதற்கு இங்கே வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> 'முப்பட்டை' போதுமே. பார்த்ததும் விபூதிப் பட்டை ஞாபகம் வரும், யாரும் மறக்க மாட்டார்கள்.

மறக்க மாட்டார்கள்தான், ஆனால் எல்லார் நெற்றியிலும் அது இல்லையே. போதாக்குறைக்கு, பள்ளி இயற்பியலில் முப்பட்டகம் என்றால் பிரிசம். காதில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

> மூவரிப் பட்டி?

அடக்கமான சொல். ஆனால் இதுவும் படத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். அந்த மூன்று கோடுகள் 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வடிவமைப்பாளர் நார்ம் காக்ஸ் வரைந்தவை. பட்டியலின் வரிகள் போலத் தெரியட்டும் என்றுதான் அவர் வரைந்தார். பன்னும் கறியும் பிற்பாடு வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. அவர்கள் சாப்பாட்டுப் பெயர் வைத்தார்கள் என்பதற்காக நாமும் அடை, ஊத்தப்பம் என்று தேட வேண்டாம்.

என் பரிந்துரை: மடக்குப் பட்டி.

மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். இடம் போதாதபோது மடக்கி ஓரமாக வைக்கிறோம், வேண்டும்போது விரிக்கிறோம். இணையச் செயலியிலும் அதேதான் நடக்கிறது. அகலத் திரையில் மேலே வரிசையாக நிற்கும் பட்டி, கைபேசியில் மடங்கி மூலைக்குப் போய்விடுகிறது. இணையப் பக்கங்களை வடிவமைக்க உதவும் பூட்ஸ்டிராப் என்ற நிரல் தொகுப்பில் வேலை செய்தவர்களுக்கு, பட்டியை மடக்கும் 'நேவ்பார் கொலாப்ஸ்' தெரிந்திருக்கும். அந்தப் பெயரும் மடங்குவதைத்தான் சொல்கிறது, கோடுகளை அல்ல.

இதைவிட எனக்கு முக்கியம், இந்தச் சொல்லோடு வினையும் சேர்ந்து கிடைப்பது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைபடிப்பானை நம்பி இருக்கும் பார்வையற்றவருக்கு 'மூவரி' என்று கேட்டு என்ன பயன்? அவர் கோட்டைப் பார்க்கப் போவதில்லை. 'பட்டி, பொத்தான், மடங்கியுள்ளது' என்று கேட்டால் அழுத்துவார், 'விரிந்துள்ளது' என்று பதில் வரும். பொத்தான் திறக்கும் பகுதி விரிந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று திரைபடிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-எக்ஸ்பாண்டட் (aria-expanded) என்ற நிரல் பண்புக்கு இந்த இரண்டு சொற்களே போதும். பொத்தானின் பெயர் மட்டும் மாறாமல் 'பட்டி' என்றே இருக்க வேண்டும். நான் ஒரு தளத்தில் பெயர், நிலை இரண்டையும் சேர்த்து மாற்றி வைத்தேன். 'பட்டியை மடக்கு, விரிந்துள்ளது' என்று திரைபடிப்பான் படித்ததைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது.

சரி, எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். கணக்கு ஆசிரியர் லாகரிதத்தின் மடக்கையைச் சொல்வார், தமிழாசிரியர், செய்யுளில் ஒரே சொல் மீண்டும் வந்து வேறு பொருள் தரும் மடக்கணியைச் சொல்வார். பின்னால் 'பட்டி' நிற்கும்வரை குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

படவுருவை (ஐகானை) மட்டும் சுட்ட வேண்டிய இடத்தில், அதாவது வடிவமைப்பாளரும் நிரலரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள, 'முக்கோடு' என்று வைத்துக்கொள்ளலாம். அது பயனர் கண்ணிலோ காதிலோ படக் கூடாது.

அப்புறம், செங்குத்தாக நிற்கும் மூன்று புள்ளிகள் பாக்கி இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதைக் கபாப் மெனு என்கிறார்கள். 'முப்புள்ளி' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் அது ஆய்த எழுத்தின் பழைய பெயர். அதற்காக ஒதுக்கிவிட வேண்டுமா, இல்லை ஃ கோபித்துக்கொள்ளாது என்று எடுத்துக்கொள்ளலாமா? இலக்கணம் படித்தவர்கள் சொல்லுங்கள்.