ரைடு சிம்பலில் நடை விறைத்து நிற்பது ஏன்?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்):
வணக்கம். பத்தாண்டுகள் மிருதங்கம் பயின்ற நான், இரண்டு ஆண்டுகளாக ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கிறேன். கணக்குத் தவறுவதில்லை, ஆயினும் ரைடு சிம்பலில் (தாளத்தைத் தொடர்ந்து ஓட்டும் உலோகத் தட்டு) ஸ்விங் (நீண்ட அடியும் குறுகிய அடியும் மாறி மாறி வரும் ஜாஸ் நடை) வாசிக்கும்போது நடை விறைத்து நிற்பதாக பேஸ் (தாழ்சுருதித் தந்திக்கருவி) வாசிக்கும் நண்பர் குறைபடுகிறார். திஸ்ர நடையாக, அதாவது ஓர் அடியை மூன்றாகப் பிரித்து, எண்ணித்தான் வாசிக்கிறேன். பிழை எங்கே?

பதில் 1 (ஜார்ஜ் டவுன்):
தம்பி, எண்ணுவதுதான் பிழை. மிதமான வேகத்தில் ஸ்விங் திஸ்ரத்தை ஒட்டி வரும். வேகம் கூடக் கூட, நீண்ட அடியும் குறுகிய அடியும் ஏறக்குறையச் சமமாகிவிடும். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாஸ் டிரம்மர் கென்னி கிளார்க் தாள ஓட்டத்தைக் காலால் அடிக்கும் பெரிய டிரம்மிலிருந்து ரைடு சிம்பலுக்குக் கொண்டுசென்றதால்தான், காலும் இடக்கையும் தனி வாசிப்பவருக்கு மறுமொழி சொல்ல விடுபட்டன. தனி ஆவர்த்தனத்தை மறந்து, பாடகருக்கு வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சியை இறுகப் பிடிக்காமல் சிம்பலில் துள்ளவிட்டு, பேஸ் தந்தி அதிரும் கணத்தில் அடி விழுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2 (செந்தூல்):
அண்ணன் சொல்வது சரி. ஜாஸ் டிரம்மர் எல்வின் ஜோன்ஸையும் கேளுங்கள். அவர் மும்மையடிகளைக் கைகால்களுக்குப் பகிர்ந்தளிப்பது, எனக்கென்னவோ, உறுமி மேளத்தையே நினைவூட்டுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. நேற்று மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிறுத்திவிட்டு, பேஸுடன் மட்டும் அரைமணி நேரம் வாசித்தேன். மணிக்கட்டு சற்றே தளர்ந்திருக்கிறது; இடக்காலால் மிதிக்கும் ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) இன்னும் முந்துகிறது.