மலையேறும் ஜீப்பை லாட்டியில் ஓட்டுவதா, ப்ரோகிராம் கோடில் வரைவதா?

கம்பம்மெட்டுக்காரன்

வணக்கம். கம்பத்திலிருந்து எழுதுகிறேன். தனி ஆள் டெவலப்பர், காட்லின் மொழியும் திரைகளைக் கட்டும் ஜெட்பேக் கம்போஸும் வைத்து ஆண்ட்ராய்டு ஆப் செய்வதுதான் பிழைப்பு. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் விடியற்காலையிலேயே ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். ஏலத்தோட்டத்தில் களை வெட்டவும் காய் எடுக்கவும் பெண்கள் இடுக்கிப் பக்கம் போவார்கள். மேட்டைத் தாண்டினால் கேரளா. சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வந்து வீட்டில் உலை வைக்க வேண்டும். அவர்களுக்காக ஒரு ஆப் செய்கிறேன். நம்ம ஜீப் எங்கே வருகிறது, எத்தனை இடம் காலி, நாளைக்கு எந்தத் தோட்டம், அவ்வளவுதான். பணம் போடுபவர் வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். அவருக்கு மலையாளம், வேலைக்காரர்களுக்குத் தமிழ், ஆகவே இரண்டு மொழியும் வேண்டும்.

ஆப்பில் மூன்று அனிமேஷன். முகப்பில் ஒரு ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும், மேலே மூடுபனி நகரும். நிஜ ஜீப் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி இந்த ஜீப்பும் நிற்க வேண்டும். அடுத்தது, இடம் பதிவானதும் வரும் டிக். மூன்றாவது, தகவல் வரும்வரை ஒரு ஏலக்காய் வெடித்து விதை தெரியும் லோடர். என் மச்சினன் கோவையில் மோஷன் டிசைனர். மூன்றையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்து, அதன் பிளகினான பாடிமூவின் வழியாக ஜேசன் என்ற எழுத்து வடிவ ஃபைலாக்கிக் கொடுத்தான். அந்த ஃபைலை ஆப்பில் ஓட்டிக் காட்டும் லைப்ரரியான லாட்டியில் போட்டேன். என் போனில் வெண்ணெய் மாதிரி ஓடியது.

எங்கள் தெரு கங்காணி அக்காவின் 2 ஜிபி போனில் போட்டுப் பார்த்தால் ஜீப் ஏறவில்லை, நொண்டுகிறது. பத்து நிமிடத்தில் போன் சூடு. அக்கா சொன்னது: "தம்பி, நெசமா வர்ற ஜீப்பே இதைவிட வேகமா வந்துரும்."

இனி என்ன செய்ய? லாட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கம்போஸ் கேன்வாஸில், அதாவது கோடு எழுதியே, வரைந்துவிடலாமா? கையில் ஐந்து வாரம்தான். முதலாளி ஐபோன் வைத்திருக்கிறார், அதற்கும் ஒன்று கேட்பார் என்பது உறுதி. லாட்டி மாதிரியே இன்னொரு அனிமேஷன் கருவியான ரைவ் பக்கம் போகலாமா என்றும் ஒரு யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி டீக்கடை

முதல் கேள்வி: அக்கா போனில் போட்டது பிழை தேடும்போது ஓட்டும் டீபக் பில்டா, ஸ்டோருக்குப் போகும் ரிலீஸ் பில்டா? கம்போஸ் டீபக்கில் எப்போதுமே மந்தம்தான். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இரண்டாவது: ஜேசன் எத்தனை கேபி?

கம்பம்மெட்டுக்காரன்

டீபக் பில்டுதான், தலை குனிகிறேன். ரிலீஸில் கொஞ்சம் தேவலை, ஆனாலும் நொண்டுகிறது. ஜீப் ஜேசன் 1.8 எம்பி.

கொழிஞ்சாம்பாறை பால்காரன்

1.8 எம்பியா? தம்பி, அதற்குள் படம் இருக்கிறது. ஃபைலைத் திறந்து பேஸ்64 என்று தேடுங்கள், படத்தை எழுத்தாக மாற்றி வைக்கும் முறை அது. மூடுபனியைப் பிஎன்ஜி படமாக வைத்து அப்படியே உள்ளே திணித்திருப்பார் உங்கள் மச்சினன். டிசைனர்கள் எல்லாரும் செய்வதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் இருப்பது பாலக்காட்டுக் கிழக்கு எல்லை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். ஒரு பால் சங்கத்துக்கு ஆப் செய்து அடிபட்ட கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும். காலையில் பால் ஊற்றியதும் அளவு, கொழுப்பு, விலை மூன்றும் போனில் வர வேண்டும். டிசைனர் ஒரு பால் கேன் நிரம்பும் அனிமேஷனை லாட்டியில் செய்து, "கொழுப்பு" என்ற சொல்லையும் அதற்குள்ளேயே டெக்ஸ்ட் லேயராக வைத்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தது. ஆண்ட்ராய்டில் வந்தது என்ன தெரியுமா? "க" தனியாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அதற்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். "ழு" உடைந்து போயிற்று. "ப்" மட்டும் தப்பித்தது. ஃபான்ட் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் ஃபான்டாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

கோளாறு ஃபான்டில் இல்லை. நான் வைத்திருந்த பதிப்பில் லாட்டி எழுத்தை ஒவ்வொரு குறியீடாகப் பிரித்து வரைந்தது. மேலே உட்காரும் புள்ளி மாதிரியானதை மட்டும் முன்னெழுத்தோடு சேர்த்துக்கொள்ளும். இடம் பிடித்து உட்காரும் கொம்பு, கால், உகரச் சுழி எல்லாம் அதன் கணக்கில் தனி எழுத்து. ஆங்கிலத்துக்கு இது போதும், நமக்குப் போதாது. மலையாளத்தில் கூட்டெழுத்து பிரிந்து இன்னும் கேவலமாக வந்தது. டிசைனர் உடனே எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றித் தந்தார். தமிழுக்கு ஒரு ஃபைல், மலையாளத்துக்கு ஒரு ஃபைல். ஒரு சொல்லை மாற்றினால் இரண்டையும் திரும்ப எக்ஸ்போர்ட். கடைசியில் எழுத்து மொத்தத்தையும் வெளியே எடுத்து, அனிமேஷனுக்கு மேலே சாதாரண டெக்ஸ்டாக வைத்ததும்தான் தூக்கம் வந்தது. இரண்டு மொழி ஆப்பில் அனிமேஷனுக்குள் ஒரு எழுத்துகூட வைக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை. டிக்கும் ஏலக்காயும் சும்மா ஓடி முடிகிற படம், யாரையும் கேட்காது. அவை லாட்டியிலேயே இருக்கட்டும். அந்த விதை தெறிப்பதைக் கோடில் எழுத உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும், அதன்பின் மச்சினன் "இன்னும் கொஞ்சம் துள்ளட்டும்" என்பார்.

ஜீப் அப்படியில்லை. அது தகவலுக்குக் கட்டுப்பட்டது. லாட்டியிலும் இதைச் செய்யலாம், இல்லை என்று சொல்லவில்லை. கம்போஸ் லாட்டியில் ப்ராக்ரெஸை, அதாவது படம் எதுவரை ஓடியிருக்கிறது என்பதை, நாமே கொடுக்க வழி இருக்கிறது, 0-விலிருந்து 1 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் சாலை ஃபைலுக்குள் அடைபட்டிருக்கும். நாளைக்கு முதலாளி போடிமெட்டு வழியையும் சேர்க்கச் சொன்னால் மச்சினனைத் தேடிப் போக வேண்டும். அதற்குப் பதில் கேன்வாஸில் சாலையை ஒரு பாத்தாக, அதாவது வளைகோடாக, வைத்து, அதை அளக்கும் பாத்மெஷரைக் கேட்டால் இத்தனை தூரத்தில் புள்ளி எது, அங்கே சாய்வு எவ்வளவு என்று இரண்டையும் சொல்லும். ஜீப் படத்தை அங்கே வைத்துச் சாய்வுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. நாற்பது, ஐம்பது வரி. ஒன்று மட்டும் கவனம்: ப்ராக்ரெஸ் மதிப்பை வரையும் கட்டத்திலேயே படியுங்கள். மேலே கம்போசபிளில், அதாவது திரையின் அமைப்பைக் கட்டும் ஃபங்ஷனில், படித்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அது திரும்ப ஓடி (ரீகம்போஸ்), லாட்டியே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

நொண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பனியின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கப் போட்ட மாஸ்க்தான். மாஸ்க், இன்னொரு லேயரை வைத்து மறைக்கும் மேட், இரண்டுக்கும் திரைக்கு வெளியே தனியாக ஒரு தளத்தில் வரைந்து, பிறகு கொண்டுவந்து ஒட்ட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். 2 ஜிபி போன் அதற்குள் எத்தனை தளம் ஒட்டும்? மாஸ்க் எங்கெங்கே என்று கோடு போட்டுக் காட்டும் வசதி லாட்டியிலேயே உண்டு, போட்டுப் பாருங்கள்.

தென்காசி டீக்கடை

அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன். டெவலப்பர் ஆப்ஷனில் எச்டபிள்யுயுஐ ரெண்டரிங்கை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் வரைய ஆகும் நேரத்தை, திரையில் பட்டையாகக் காட்டச் சொல்லுங்கள். பச்சைக் கோட்டைத் தாண்டும் பட்டைதான் உங்கள் எதிரி. ஐபோனுக்கு இப்போதே பயப்பட வேண்டாம். அங்கே லாட்டி 4.0 முதல் ஆப்பிளின் கோர் அனிமேஷன் எஞ்சின் வழியாக ஓடுகிறது. அது ஆப்புக்கு வெளியே தனி ப்ராசஸில் வரைவதால் ஆப்பின் முக்கிய வேலைகள் ஓடும் மெயின் த்ரெட் திணறினாலும் படம் நிற்காது. அந்த எஞ்சினுக்குத் தெரியாத எஃபெக்ட் இருந்தால் மட்டும் மெயின் த்ரெட்டில் வரையும் பழைய வழிக்கு இறங்கிவிடும்.

நகரி நெசவு

நான் ஆந்திரா எல்லைக்காரன், நகரி. தறிக்காரர்களுக்குப் பாவு கணக்கு ஆப் செய்கிறேன். இரண்டு விஷயம்.

ரைவ் நல்ல சாமான்தான். ஸ்டேட் மெஷின் இருப்பதால் தொட்டால் இது, விட்டால் அது என்று டிசைனரே கட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதன் ஆண்ட்ராய்டு லைப்ரரிக்குள் நேட்டிவ் எஸ்ஓ ஃபைல், அதாவது போனின் ப்ராசஸருக்கென்றே நேரடியாகக் கம்பைல் செய்த ஃபைல், வரும். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்குப் பிந்தையதையோ குறிவைக்கும் ஆப் 16 கேபி மெமரி பேஜுக்கு, அதாவது போன் தன் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அந்த அளவுக்கு, ஒத்துவர வேண்டும் என்று ப்ளே ஸ்டோர் வைத்துவிட்டது. எஸ்ஓ ஃபைல் உள்ள எந்த பிளகின் என்றாலும் அதைச் செய்தவர் புது பில்ட் தந்தால்தான் நமக்கு வழி. வேறு ஒரு பழைய பிளகினை நம்பி, அதைச் செய்தவர் கைவிட்டுப் போன பிறகு, தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். ஆண்ட்ராய்டு லாட்டியில் எஸ்ஓ கிடையாது, அந்தத் தலைவலி இல்லை.

அடுத்தது பேட்டரி சேவர். காட்டில் நாள் முழுக்க இருப்பவர்கள் அதைப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். சில போன்களில் அது அனிமேஷனையே அணைத்துவிடும். அப்போது லாட்டி கடைசி ஃப்ரேமுக்குத் தாவி நின்றுவிடும். உங்கள் ஏலக்காய் வெடித்தபடி சும்மா கிடக்கும், அக்காமார் ஆப் தொங்கிவிட்டது என்று மூடிவிடுவார்கள். கீழே "தகவல் வருகிறது" என்று ஒரு வரி போட்டு வையுங்கள்.

கம்பம்மெட்டுக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை, வீட்டில் ஆள் இல்லை.

பால்கார அண்ணே, சொன்னது அப்படியே. பனி இரண்டு பிஎன்ஜி, மூன்று மாஸ்க். ஃபைலைத் திறந்து பார்த்து நானே சிரித்துவிட்டேன். பனியை எடுத்து ஒரே ஒரு மங்கலான படமாகப் பின்னால் வைத்தேன், அது மெதுவாக இடம் மட்டும் மாறும். ஜீப்பும் சாலையும் கேன்வாஸுக்கு வந்துவிட்டன. டிக்கும் ஏலக்காயும் லாட்டியிலேயே, இரண்டும் சேர்ந்து 40 கேபிகூட இல்லை. ஏலக்காய்க்குக் கீழே அந்த ஒரு வரியும் இருக்கிறது. அக்கா போனில் பட்டைகள் பச்சைக் கோட்டுக்குக் கீழே அடங்கிவிட்டன, எப்போதாவது ஒன்று எட்டிப் பார்க்கும்.

ஆனால் யாரும் சொல்லாத ஒரு கூத்து நடந்தது. முதல் நாள் அக்கா போன் போட்டு, "தம்பி, ஜீப் ரிவர்ஸ்ல போகுது" என்றார். கொண்டை ஊசி வளைவில் மேல் ரோடும் கீழ் ரோடும் சில இடத்தில் கல்லெறி தூரம்தான். ஜிபிஎஸ் கொஞ்சம் பிசகினால், ஜீப் கீழ் ரோட்டில் இருக்கும்போதே மேல் ரோட்டுப் புள்ளி கிட்டத்தில் என்று என் ப்ரோகிராம் நினைத்துக்கொள்கிறது. ஜீப் ஒரு வளைவைத் தாவி ஏறும், அடுத்த நொடி அசலாக இருக்கும் இடத்துக்குப் பின்னாலேயே உருண்டு வரும். அனிமேஷன் வழவழப்பாக இருந்ததால் அந்த ரிவர்ஸும் அழகாகத்தான் இருந்தது! இப்போது சாலை முழுவதிலும் தேடாமல், கடைசியாக நின்ற புள்ளியிலிருந்து முன்னால் கொஞ்ச தூரம் மட்டும் தேடுகிறேன். சாயங்காலம் இறங்கும்போது அதே பாத்தைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறது.

நேற்று அக்கா அடுத்த குறை சொன்னார். ஆப்பில் ஜீப் சிவப்பு, அவர்கள் ஏறுவது வெள்ளை ஜீப்பாம், சிவப்பைப் பார்த்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் வண்டி என்று நினைத்துவிடுகிறார்களாம். ஒரு வரியில் மாற்றிவிட்டேன், இப்போது ஒவ்வொரு ஜீப்புக்கும் அதனதன் நிறம். மச்சினனிடம் இன்னும் சொல்லவில்லை, அந்தச் சிவப்புக்கு மட்டும் அவன் ஒரு நாள் உட்கார்ந்திருந்தான்.