புதுப்பிப்பு: ஆறு வார இன்டர்ன்ஷிப் விஷயம்

ஈரோட்டில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு ஆறு வாரம் தொடர்ந்து இன்டர்ன்ஷிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடியாது. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008 விதிப்படி ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக 4 வாரம்தான். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு மொத்தம் குறைந்தது 12 வாரம், ஐந்து வருடத்துக்கு 20.

சரி, நாலு வாரம் முடித்தாயிற்று. முதல் வாரம் கேஸ் கட்டு தூக்கியதோடு சரி. அப்புறம் பவானிப் பக்கமிருந்து ஒரு வாய்க்கால் தகராறு வந்தது. கட்சிக்காரர் பேசப் பேச, "எழுதிக்க கண்ணு, எந்த வருசம்னு மறக்காமக் கேளு" என்றார் சீனியர். என் டைரியில் உருப்படியானது அந்த இரண்டு பக்கம்தான்.

சான்றிதழில் தேதியை மாற்றிப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும்.