மோட்டார் சைக்கிள் பந்தயம், நெடும்பயணம்: தம்பிக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: ஈரத்துணி

என் தம்பிக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இறுதியாண்டு. மோட்டோஜிபி நேரலை ஓடும்போது வீட்டில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. பாடப் புத்தகம் தவிர வேறெதையும் அவன் விரித்து நான் பார்த்ததில்லை. ஹெல்மெட், கையுறை எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. இந்த முறை புத்தகம். பந்தயக்காரர்களைப் பற்றியும் இருக்கலாம், வண்டியில் ஊர் சுற்றியவர்களைப் பற்றியும் இருக்கலாம். ஆங்கிலம் நிதானமாக வாசிப்பான். "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டும் வகை மட்டும் வேண்டாம். அதற்கு வீட்டில் அப்பா இருக்கிறார்.

பதில்: பழைய டூ ஸ்ட்ரோக்

மெக்கானிக்கல் பையனா? யோசிக்கவே வேண்டாம் அம்மா. மேட் ஆக்ஸ்லி எழுதிய 'ஸ்டீலிங் ஸ்பீட்' வாங்குங்கள். பந்தயக்காரர்களின் சுயசரிதைகள் பெரும்பாலும் எனக்கு ஒத்துவருவதில்லை. கோப்பை, எலும்பு முறிவு, மறுபடியும் கோப்பை. வண்டி ஏன் அப்படி ஓடியது என்று ஒரு வரி இருக்காது. இதில் கதையே எஞ்சின்தான்.

கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை. கையில் பணம் இல்லை, நல்ல உதிரிபாகம் இல்லை. அங்கே வால்டர் காடென் என்ற பொறியாளர். போர்க்காலத்தில் பீனமுண்டே ராக்கெட் தளத்தில் வேலை பார்த்தவர். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் (பிஸ்டன் ஒருமுறை மேலும் கீழும் போய்வந்தாலே ஒரு தடவை எரியும் வகை) புகைக்குழாய் நடுவில் அகன்று கடைசியில் குறுகினால், வெளியேறும் அழுத்த அலை அங்கே மோதித் திரும்பும். எரியாமல் நழுவி வந்த புது பெட்ரோல்-காற்றுக் கலவையை அது மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளும். அதற்குக் குழாயின் நீளமும் சரிவும் கணக்காக அமைய வேண்டும். அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியே 1961-இல் 125 சிசி எஞ்சினிலிருந்து சுமார் 25 குதிரைத்திறன் எடுத்தார் மனிதர். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர் கிடையாது. ஆர்எக்ஸ் 100 சைலன்ஸரை அறுத்துவிட்டு, சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக நம்பும் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் பகுதியை வாசிக்கச் சொல்ல வேண்டும்.

அவருடைய முக்கிய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். அந்த ஆகஸ்டில்தான் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடனில் பந்தயம். உலகப் பட்டம் எட்டும் தூரத்தில் இருந்தது. எஞ்சின் நின்றுபோனது. டெக்னர் அங்கிருந்தே மேற்குக்குத் தப்பினார். மனைவியையும் பிள்ளைகளையும் காரில் ஒளித்து எல்லை கடத்த முன்பே ஏற்பாடு செய்திருந்தார். காடெனின் வித்தையும் அவரோடு போய் சுஸுகியிடம் சேர்ந்தது. 1962-இல் சுஸுகி 50 சிசி வண்டியில் அவரே உலக சாம்பியன். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. மறு ஆண்டு ஜப்பானின் சுஸுகா பந்தயத் தடத்தில் விழுந்து தீக்காயம் பட்டார். அங்கே ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

எண்பதுகளில் ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுஸுகி வண்டிகளைப் பிரித்துப் பூட்டித்தான் நான் தொழில் கற்றேன். அப்படியும் டெக்னர் மீது எனக்குக் கோபம் தீரவில்லை. குடும்பத்தோடு தப்பியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காடென் கடைசிவரை அந்தப் பக்கமே இருந்துவிட்டார். உங்கள் தம்பி என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

பதில்: மூன்றாவது கியர்

ஐயா பந்தயத்தைச் சொல்லிவிட்டார், நான் சாலையைச் சொல்கிறேன். எல்ஸ்பெத் பியர்டின் 'லோன் ரைடர்'. 1982-இல் லண்டனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த பெண், பழைய பிஎம்டபிள்யூ ஒன்றில் தனியாக உலகம் சுற்றக் கிளம்பினார். காசு தீர்ந்ததும் சிட்னியில் மாதக்கணக்கில் வேலை செய்து சேர்த்தார். பினாங்கிலிருந்து கப்பலில் நம் சென்னைக்கு வந்திறங்கி, வடக்கே கல்கத்தா, காத்மாண்டு என்று போனார். விபத்து, நோய், காகிதங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தது, எதையும் மறைக்கவில்லை. 1984-இல் ஊர் திரும்பியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை; புத்தகம் வந்ததே 2017-இல்தான். தம்பி படித்து முடித்ததும் நீங்களும் வாங்கிப் படியுங்கள்.

பதில்: அரைகுறை வாசகன்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' பட்டியலில் இல்லாமலா? 121 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, 1974-இல் வெளிவந்து, லட்சக்கணக்கில் விற்ற புத்தகம்.

பதில்: பழைய டூ ஸ்ட்ரோக்

நல்ல புத்தகம்தான். முதல் புத்தகமாகக் கொடுத்தால் பையன் நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவான். அதில் பிர்சிக்கோடு பயணம் வரும் நண்பரின் விலை உயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் டின்னின் தகட்டை வெட்டி இடையில் செருகினால் போதும் என்கிறார் பிர்சிக். நண்பருக்கு முகம் சுருங்கிவிடுகிறது: என் வண்டிக்கு டின் தகடா! அந்த நண்பரின் வாரிசுகள் தினமும் என் பட்டறைக்கு வருகிறார்கள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் தத்துவம் நிறைய இருக்கிறது, பொறுமை வேண்டும்.

ஈரத்துணி

எல்லோருக்கும் நன்றி. சே குவேராவின் மோட்டார் சைக்கிள் நாட்குறிப்பு எப்படி? அவன் அறைச் சுவரில் ஏற்கெனவே சே படம் இருக்கிறது.

பதில்: பழைய டூ ஸ்ட்ரோக்

சே கிளம்பிய அந்தப் பழைய நார்ட்டன் வண்டி சிலியிலேயே படுத்துவிடும் அம்மா. அப்புறம் லாரி, கப்பல், நடை. அவரை மாற்றியது அந்த மிச்சப் பயணம்தான், மறுக்கவில்லை. வண்டிக்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். பயணம்தான் வேண்டும் என்றால் டெட் சைமனின் 'ஜூபிட்டர்ஸ் டிராவல்ஸ்' இருக்கிறது: 1973 முதல் நான்கு ஆண்டுகள், 500 சிசி டிரையம்ஃப், நடுவில் பிரேசிலில் சிறை. வண்டி கடைசிவரை கூட வரும்.

'ஸ்டீலிங் ஸ்பீட்' வந்ததும் காடென் வரும் பக்கங்களில் ஒரு காகிதம் செருகிக் கொடுங்கள். புரியாத இடம் இருந்தால் பையனை இங்கே கேட்கச் சொல்லுங்கள், படம் வரைந்து போடுகிறேன்.